இரும்பு வீதி – 11: மலைக்குப் போகிற வண்டி

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் மலை கிடையாது. மேடு என்று சொன்னால் மேம்பாலம்தான். கடலை ஒட்டிய தட்டை நிலம். நாலு நாள் மழை பெய்தால் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அப்படியே நிற்கும். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு கொல்லிமலைக்கும் கொளுக்குமலைக்கும் போவதற்காகப் பழைய ஃபோர் வீல் வண்டிகளைப் பிரித்துப் பூட்டுகிறார்கள் என்றால் முதலில் சிரிப்புதான் வரும். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக கேட்டுக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களின் வரிசையைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். அத்தனை வண்டிக்கும் ஸ்பிரிங் பட்டை உடையும், பிரேக் தேயும், ரேடியேட்டர் ஒழுகும், ஜாயின்ட் கிராஸ் போகும். அதைச் சரிசெய்யத்தான் கொருக்குப்பேட்டையிலிருந்து சுங்கச்சாவடி வரைக்கும் சந்துக்குச் சந்து பட்டறை. லேத்து, வெல்டிங், டிங்கரிங் எல்லாம் கூப்பிடு தூரம். மலைக்குப் போகிற வண்டிக்கும் தேவைப்படுவது அதே கைகள்தான்.

இந்த வட்டாரத்துக்கு மோட்டார் தொழில் நேற்று வந்ததல்ல. அசோக் மோட்டார்ஸ் 1948-ல் தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் ஆலை எண்ணூரில். அதே 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் செய்தது. எம்.ஆர்.எஃப். பிறந்ததும் திருவொற்றியூரில்தான்: கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்ய ஆரம்பித்து, 1952-ல் ட்ரெட் ரப்பருக்கும் 1961-ல் டயருக்கும் வந்துசேர்ந்தார். கொஞ்சம் உள்ளே தள்ளி செம்பியத்தில் சிம்ப்சன், பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் செய்தது. லாரி, மோட்டார் சைக்கிள், டயர், இன்ஜின் என நாலும் ஒரு ஆட்டோ சவாரி தூரத்துக்குள். அங்கெல்லாம் வேலை பார்த்து வெளியே வந்தவர்களும் அவர்களிடம் கற்றுக்கொண்டவர்களுமாகத்தான் இந்தப் பட்டறைகளின் பரம்பரை வளர்ந்தது.

இந்த வாரத்து வண்டி, மஹிந்திரா எஃப்.சி.-150. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மூக்கே இல்லாத ஜீப். டிரைவர் முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக்கு முன்னால் ஒன்றும் இருக்காது. பின்னால் திறந்த தொட்டி. வேன், ஆம்புலன்ஸ் என்று வேறு உடுப்புகளிலும் ஓடியது.

அதன் பூர்வீகம் அமெரிக்கா. வில்லிஸ் கம்பெனி 1956 கடைசியில் வெளியிட்டது. வடிவமைத்தவர் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ். சாதாரண ஜீப்பின் 81 அங்குல வீல்பேஸை அப்படியே வைத்துக்கொண்டு, டிரைவரை இன்ஜினுக்குப் பக்கத்தில் நகர்த்தி உட்காரவைத்தால் பின்னால் ஆறடித் தொட்டி வைக்க இடம் கிடைக்கும். யோசனை அவ்வளவுதான். அந்த ஊரில் அது பெரிதாக விற்கவில்லை. 1965-க்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். ஆனால் 1949-லேயே மும்பை மசகானில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியிருந்த மஹிந்திரா, எஃப்.சி.யையும் எடுத்துக்கொண்டு அதற்குப் பிறகும் பல வருஷங்கள் செய்தது. சொந்த ஊரில் செல்லாத பிள்ளை வந்த இடத்தில் பிழைத்துக்கொண்ட கதை.

இப்போது இந்த வண்டிகளைத் தேடி அலைகிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் அதைப் புதிதாக்கிப் பளபளவென்று நிறுத்த விரும்புகிறவர். இன்னொருவர் மலைப் பாதையில் ஓட்ட விரும்புகிறவர். இரண்டாவது ஆள் பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்பது பெரும்பாலும் மூன்று: வண்டியைத் தூக்க வேண்டும், பெரிய டயர் போட வேண்டும், பெரிய இன்ஜின் வைக்க வேண்டும். மூன்றுமே இரண்டாம்பட்சம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சேஸிஸ். கடற்கரை ஊரில் பழைய வண்டி வாங்குகிறவர் பெயின்டைப் பார்க்கவே கூடாது. உப்புக்காற்று மேலிருந்து தின்னாது, உள்ளிருந்து தின்னும். சேஸிஸ் சட்டத்தின் மூடிய பகுதிக்குள் சேறும் ஈரமும் போய் உட்கார்ந்துவிடும்; வெளியே பார்த்தால் முழு இரும்பு, உள்ளே பொருக்கு. இங்கே ஒரு பட்டறையில் நான் பார்த்த எஃப்.சி.யின் சட்டத்தை மேஸ்திரி உருண்டைத் தலைச் சுத்தியலால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனார். ‘டங், டங்’ என்று வந்த சத்தம், பின் பட்டையின் ஷேக்கிள் தொங்கும் இடத்துக்கு ஓர் அடி முன்னால் ‘தொப்’ என்று மாறியது. அங்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம். மறுபக்கமும் கிட்டத்தட்ட அதே இடத்தில் ஒரு வட்டம். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு அழுத்து, உள்ளே இறங்கிவிட்டது. சுமையையும் குலுக்கலையும் மொத்தமாக வாங்குகிற இடம் அது. மலைப் பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்திலும் எதிர்மூலைச் சக்கரம் பாறையிலும் நிற்கும்போது சட்டம் முறுக்கிக்கொள்ளும். முறிவது அந்த வட்டத்தில்தான் முறியும். மேலே தகடு வைத்து வெல்டு அடித்துப் பெயின்ட் பூசி விற்பவர்கள் உண்டு. வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புது இரும்பு வைத்து, உள்ளேயும் துருத் தடுப்பு பூசுவதுதான் வேலை. இந்த வேலையில் தண்டையார்பேட்டையை யாரும் மிஞ்ச முடியாது. டிரெய்லர் சேஸிஸைப் பார்த்த கைக்கு இது சின்ன விஷயம்.

அடுத்தது கியர். இங்கேதான் பழைய ஜீப்பின் உண்மையான சொத்து இருக்கிறது. எஃப்.சி.-150-ன் மூன்று கியர் பெட்டியில் முதல் கியரின் விகிதம் 2.8. ஃபோர் வீல் பெட்டியில் ‘லோ’ போட்டால் இன்னொரு 2.46. அச்சில் இருக்கும் கிரவுன் பினியனில் 5.38. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 37. அதாவது இன்ஜின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இன்ஜின் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றில் முனகிக்கொண்டிருந்தால், 29 அங்குல டயரில் வண்டி நிமிஷத்துக்கு அறுபத்து சொச்சம் மீட்டர்தான் நகரும். மணிக்கு நாலு கிலோமீட்டருக்கும் குறைவு. கூடவே நடந்து வருகிறவர் பீடி பற்றவைத்துக்கொண்டே வரலாம். பாறை மேல் ஏறுவதற்கு வேண்டியது இந்த மெதுவு. வேகமாக மோதி ஏற நினைக்கிறவர் அச்சை உடைத்துக்கொள்வார்.

இப்போது 33 அங்குல டயர் மாட்டுங்கள். அதே கணக்கில் வேகம் எட்டில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். இழுவை ஏறக்குறைய அதே அளவு குறையும். ஸ்டீயரிங் கனக்கும். அச்சுக்கும் ஜாயின்டுக்கும் கூடுதல் பாரம். எழுபது வருஷத்துக்கு முன் ஒருவர் கணக்குப் போட்டு வைத்த விகிதத்தைப் பணம் கொடுத்துக் கெடுத்துக்கொள்வது என்றால் இதுதான். பார்வைக்கு மிடுக்காக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. கொஞ்சம் அகலமான, நல்ல பல் வைத்த டயரை ஏறக்குறைய அதே உயரத்தில் போட்டால் போதும். பாதையில் இறங்கும்போது காற்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

பட்டை விஷயத்தில்தான் வடசென்னையின் பழக்கமும் மலையின் தேவையும் நேருக்கு நேர் மோதுகின்றன. இங்கே பட்டறைக்காரர் கைக்கு வருவது சுமை. வண்டி தாழ்ந்திருக்கிறதா, இரண்டு பட்டை கூடச் சேர், முடிந்தது. எட்டு டன்னுக்கும் பத்து டன்னுக்கும் அது சரி. மலைப் பாதையில் வெறும் தொட்டியோடு போகிற பிக்கப்புக்கு அது விஷம். பட்டை கட்டையாகிவிட்டால் பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்காது, அந்தரத்தில் தொங்கும். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. எனவே செய்ய வேண்டியது நேர்மாறு: மெல்லிசான, நீளமான பட்டைகள், பட்டைக்குப் பட்டை உரசாமல் வழுக்கிப் போக ஏற்பாடு, தடையில்லாமல் ஆடும் ஷேக்கிள்.

இதைப் பற்றி அந்த மேஸ்திரியிடம் கேட்டேன். “பட்டைய ஏத்துங்கோன்னு தான் சார் எல்லாரும் வராங்க. எறக்குங்கோன்னு எவனும் வர்லே. இந்த வண்டிக்கு ஏற்கெனவே தல கனம். ஒசத்தினா ஷோவா இருக்கும், பள்ளத்துல எறங்கசொல்லோ குப்புற அடிக்கும்” என்றார்.

அவர் சொல்வது வெறும் பேச்சு அல்ல. எஃப்.சி.யின் பிறவிக் குறை அதுதான். டிரைவர், இன்ஜின், பக்கத்தில் ஒரு ஆள் என எல்லா எடையும் முன் அச்சின் மேல். ஆரம்பத்தில் சக்கரங்களுக்கு இடையே அகலமும் போதவில்லை. சுமார் 48 அங்குலமாக இருந்ததை 1958-ல் அமெரிக்காவிலேயே 57 அங்குலமாக விரித்தார்கள். தயாரித்த கம்பெனியே அகலப்படுத்திய வண்டியை நாம் உயரப்படுத்துவதில் என்ன நியாயம்?

டிஃபரன்ஷியல் பூட்டு பற்றி ஒரு வார்த்தை. சாதாரண டிஃபரன்ஷியலில், ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால் இன்ஜினின் சுற்றல் முழுக்க அங்கேயே போய், தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். இதற்கு மலிவு வைத்தியம் ஒன்று உண்டு: உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்களை வெல்டு வைத்து ஒட்டிவிடுவது. சேற்றில் அற்புதமாக வேலை செய்யும். தார்ச் சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் உள்சக்கரம் தேய்த்துக்கொண்டே வரும், ஆக்ஸில் முறுக்கும், மழையில் பின்பக்கம் வழுக்கும். தண்டையார்பேட்டையிலிருந்து மலையடிவாரம் போய்ச் சேரவே பல மணி நேரம் தார்ச் சாலை. வெல்டு வைத்த அச்சோடு அந்தத் தூரம் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வேண்டும்போது பூட்டி, வேண்டாதபோது விடுவிக்கும் லாக்கர் கிடைக்கிறது. விலை அதிகம். வாங்க முடியாவிட்டால் லாக்கர் இல்லாமலே பழகலாம். எந்தச் சக்கரத்தை எந்தக் கல்லில் வைப்பது என்று இறங்கிப் பார்த்து ஓட்டக் கற்றுக்கொள்வதற்குச் செலவு இல்லை.

காசு செலவழிக்க வேண்டிய இடம் பிரேக். பழைய ஜீப் வகைகளில் நாலு சக்கரத்துக்கும் டிரம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே குழாய்ப் பாதை. எங்காவது ஓர் இடத்தில் குழாய் உடைந்தால் நாலு பிரேக்கும் ஒரே நொடியில் போய்விடும். ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை; ஃபோர் வீல் பெட்டியின் பின்னால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிளம்புகிற இடத்தில் இருக்கிறது. ஷாஃப்டோ ஆக்ஸிலோ முறிந்தால் அதுவும் காலி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இந்த ஏற்பாட்டை நம்பி உட்கார்ந்திருப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி என்று பிரித்த இரட்டை மாஸ்டர் சிலிண்டர், முன் சக்கரத்தில் டிஸ்க், புதுக் குழாய்கள்: வண்டிக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இறக்கத்தில் லோ கியரைப் போட்டு இன்ஜினாலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு வருவது தனி. அது பிரேக்கைக் காப்பாற்றும் வழி, பிரேக்குக்கு மாற்று அல்ல.

பிறகு சூடு. நடை வேகத்தில் ஏறும்போது ரேடியேட்டருக்கு எதிர்காற்று கிடையாது. ஃபேன் இழுக்கிற காற்று மட்டும்தான். எஃப்.சி.யில் இன்ஜின் கேபினுக்குள், இரண்டு சீட்டுக்கும் நடுவில், ஒரு தகடு மூடிக்குக் கீழே. மே மாதத்தில் டிரைவரின் இடது கால் வேகும். மூடியின் உள்பக்கம் வெப்பம் தடுக்கும் பாய் ஒட்டுவது சொகுசு அல்ல, அவசியம். ரேடியேட்டருக்குக் கூடுதல் வரிசைக் குழாய் வைத்த கோர், ஃபேனைச் சுற்றி ஒரு தகடு வளையம். லாரி ரேடியேட்டர் பார்க்கும் கடையில் இரண்டையும் செய்துவிடுவார்கள். ஆனால் அங்கேயே போர்க் குழாயிலிருந்து பிடித்து ஊற்றும் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தப் பக்கத்து நிலத்தடி நீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்தால், புதுக் கோர் சீக்கிரமே பழைய கோர் ஆகிவிடும். கூலன்ட் கலந்த சுத்த நீர் மட்டுமே.

கடைசியாக இன்ஜின். வில்லிஸின் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின், 2.2 லிட்டர், எழுபது சொச்சம் குதிரைத் திறன். நல்ல இன்ஜின்தான், குறைந்த சுற்றிலேயே இழுக்கும். அதன் எதிரி பெட்ரோல் விலை. எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியதிலிருந்து நம் ஊரில் ஜீப் வைத்திருந்தவர்கள் கைக்குக் கிடைத்த டீசல் இன்ஜினையெல்லாம் அதற்குள் இறக்கினார்கள். மட்டடார் இன்ஜின், பிற்பாடு மஹிந்திராவே போட்ட பெஜோ டீசல் என்று பட்டியல் நீளும். அந்தக் காலத்தில் அது பிழைப்பு. இன்று அது சட்டச் சிக்கல்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இன்னொரு பக்கம், 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டியை ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி எண்ணில் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும், எரிபொருள் போடவும், பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாமே தவிர, வார விடுமுறைக்கு ஏலகிரி போய்வர முடியாது.

ஆக ஒரு எஃப்.சி. வைத்திருப்பவர் முடிவெடுத்தாக வேண்டும். மரியாதைக்குரிய கிழவனாக நிறுத்தி வைப்பதா, சாதாரண வண்டியாகவே வைத்துக்கொண்டு ஓட்டுவதா? ஓட்டுவது என்றால் பதினைந்து வருஷம் தாண்டிய எல்லா வண்டியையும் போலப் பதிவைப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி, தண்டையார்பேட்டை ஆர்.டி.ஓ.வின் டி.என்.-03 வரிசையில் நின்று ஆய்வாளரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். அவர் பார்ப்பது இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும். தூக்கிய பட்டையும் பிதுங்கிய டயரும் அவர் கண்ணுக்குத் தப்பாது. நான் மேலே சொன்ன வழி, அதாவது உயரத்தையும் இன்ஜினையும் தொடாமல் உள்ளே இருப்பதைச் செப்பனிடுவது, மலைக்கும் ஏற்றது, இந்த வரிசைக்கும் ஏற்றது. பிரேக்கை மாற்றுவதற்கு முன்பும் ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கே ஓட்டுவது என்பதிலும் தெளிவு வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை விடுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேற்றம் போனவர்கள் உயிரிழந்த பிறகு வனத்துறையின் கண் இன்னும் கூர்மையாகிவிட்டது. அதற்காக மலையில் எங்கேயுமே ஓட்டக் கூடாது என்றும் சொல்ல முடியாது. தனியார் தோட்டங்களில் சொந்தக்காரர் அனுமதியோடு ஓட்டுகிறார்கள். போட்டிதான் வேண்டும் என்றால் மலேசியாவில் பிறந்த ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் 2014-ல் கோவாவுக்கும் வந்தது. அது வேறு உலகம், அங்கே வரும் வண்டிகளின் செலவும் வேறு உலகம்.

உண்மையான மலை ஓட்டம் பார்க்க விரும்புகிறவர்கள் தேனி மாவட்டத்துக்குப் போங்கள். போடிமெட்டும் கம்பம்மெட்டும் வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஏறுகிற ஜீப்புகளைப் பாருங்கள். கொளுக்குமலை தமிழ்நாட்டு மலைதான். ஆனால் ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. அந்தப் பாதையில் நாள் தவறாமல் ஏறி இறங்குகிற டிரைவர்களின் வண்டியில் ஸ்னார்க்கலும் கிடையாது, வின்ச்சும் கிடையாது. பட்டை நல்ல பட்டை, கியர் லோ கியர், கால் எப்போதும் அளவோடு. மேம்படுத்திய வண்டி என்று நான் ஒப்புக்கொள்வது அந்த மாதிரி வண்டியைத்தான்.

ஊரிலோ உறவிலோ யார் வீட்டுக் கொட்டகையிலாவது மூக்கில்லாத ஜீப் ஒன்று கோணி மூடிக் கிடந்தால், கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வாங்க நினைக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: டயரையும் பெயின்டையும் பார்ப்பதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள். அதில் இருக்கும் சேஸிஸ் எண்ணைச் சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணோடு நீங்களே குனிந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத வண்டிக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.